மஜீது வீட்டுக் கிணற்றில் பெட்ரோல்

தண்டையார்பேட்டையில் மஜீது வீட்டுக் கிணற்றிலிருந்து கெங்கம்மா அன்று காலை இழுத்து வைத்த முதல் வாளியில், தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தாள். லாரி நிற்கும் இடத்தில் அடிக்கும் வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். ரஹீமுன்னிசா வந்து பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

சுதந்திரம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. மஜீதுக்குச் சாக்கு வியாபாரம். வீட்டின் பின்பக்கத்தில் ஐந்து குடித்தனங்கள். குடிக்கத் தெருக்குழாய், துவைக்கவும் குளிக்கவும் இந்தக் கிணறுதான். பின்பக்கக் குடித்தனக்காரி கெங்கம்மா, கிணற்றடிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டுத் துணி தேய்த்துப் பிழைத்தாள்.

விஷயம் கேட்ட மஜீது, தன் சிநேகிதரான நிலத் தரகர் சௌக்கத் அலியை அழைத்து வந்தான். சௌக்கத் அலி ஒரு துணியைக் கிணற்று நீரில் நனைத்துத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார். ஈரத்துணி பற்றி எரிந்தது. உன் மனைக்கு அடியில் பெட்ரோல் ஊற்று இருக்கிறது, சர்க்காருக்குத் தெரிந்தால் சொற்பத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், அதற்குள் பெரிய கையாகப் பார்த்து நான் விற்றுத் தருகிறேன், அதுவரை மூச்சு விடாதே என்றார் அவர். மஜீதுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கிணற்றின் வாயைப் பலகைகளால் மூடினான். பூனை விழுந்து செத்துவிட்டது, வாடையும் படலமும் அதனால்தான், தூர் வாரும்வரை யாரும் தொடக்கூடாது என்று குடித்தனக்காரர்களிடம் சொன்னான். மனைவியிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லி மிரட்டியும் வைத்தான்.

"கிரயம் முடியறவரிக்கும் வாயத் தொறந்தே, பழவேற்காட்டுக்கு உங்கம்மா வூட்டுக்கு அனுப்பிச்சுடுவேன். திரும்பி வர முடியாது."

அன்றிலிருந்து ரஹீமுன்னிசாவைப் பயம் பிடித்துக்கொண்டது. பலகை போட்ட பிறகு வாடை குறையவில்லை. தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்படிக்குள் வந்தது. மகள் தாஹிரா தலைவலி என்று படுத்தாள், இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். ரஹீமுன்னிசா அடுப்பைத் தூக்கி வாசல் பக்கம் வைத்துச் சமைத்தாள். யாராவது பீடி பற்றவைக்கும் சத்தம் கேட்டால் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். எல்லாவற்றையும் விட, கெங்கம்மாவின் இஸ்திரிப் பெட்டிதான் அவள் நெஞ்சை அறுத்தது. அதற்குள் கனன்ற கரி, கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில் நாளெல்லாம் சிவந்து கிடந்தது. மேசையை வேறு பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா என்று இரண்டு முறை பக்கத்தில் போனாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டு முறையும் மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் வால்டர் வந்தார். ராயபுரத்துக்காரர்; மண்ணையும் பாறையையும் ஆராயும் பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம். எண்ணூர் வரைக்கும் எங்கே எவ்வளவு ஆழத்தில் மணல், எங்கே களிமண், எந்தத் தண்ணீர் எப்படி என்று கிணறு கிணறாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். மஜீது இதற்கும் முன்னேற்பாடு செய்திருந்தான். அவன் சொல்லிவைத்தபடி, ஆம்பிளைங்க இல்லை என்று ரஹீமுன்னிசா திரைக்குப் பின்னால் நின்றே சொல்லி, அடுத்த தெருக் கிணற்றுத் தண்ணீரை அவருடைய பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தாள். அவர் அதன் மேல் அவள் வீட்டு எண்ணை எழுதி ஒட்டியதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். தெருக்குழாய் நின்றுவிட்டதால், துணியில் தெளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கெங்கம்மா கிணற்றடிக்கு வந்தாள். செத்த பூனைத் தண்ணீரானால் என்ன, தெளிக்கத்தானே என்று நினைத்திருக்கலாம். கையோடு கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். ஒரு பலகையை நகர்த்தினாள்.

குப்பென்ற சத்தம் வீட்டின் சுவரை அதிரவைத்தது. ரஹீமுன்னிசா பின்பக்கம் ஓடியபோது கிணற்று வாயிலிருந்து கூரை உயரத்துக்குத் தீ நின்றது. கெங்கம்மா இரண்டு கைகளிலும் தீயோடு சுற்றிக்கொண்டிருந்தாள். ரஹீமுன்னிசா தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்த சாக்கை உருவி அவள் மேல் போட்டு, கீழே தள்ளிப் புரட்டினாள். மேலே எழுந்த தீ அடங்கியது. உள்ளே தண்ணீர் மேல் நீலமாக எரிந்துகொண்டே இருந்தது.

பழவேற்காடு ஞாபகத்துக்கு வரவில்லை. முக்காடு சரிந்ததும் தெரியவில்லை. வெறுங்காலோடு தெருவில் ஓடி, அடுத்த சந்தில் வால்டரைப் பிடித்தாள்.

"ஐயா, அந்தத் தண்ணி எங்க கெணத்துது இல்ல. நான் பொய்யி சொன்னேன். எங்க கெணறு எரியுது. தெருவே பூடும், வாங்க."

வால்டர் திரும்பி ஓடிவந்தார். கெங்கம்மாவை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்கு தெருவுக்கு அடுப்புகளை அணைக்கச் சொன்னார், ஜனங்களை வெளியேற்றினார், தீயணைப்புக்காரர்களுக்கு ஆள் விட்டார். அவர்கள் வந்து நுரை அடித்து நெருப்பை அணைத்தார்கள். மற்றக் கிணறுகளைத் திறந்து பார்த்தபோது, வரிசையாக மூன்று கிணறுகளில் அதே வாடை இருந்தது.

சாயங்காலம் மஜீதும் சௌக்கத் அலியும் வந்தபோது, தெரு முழுக்க ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வெளியே நின்றிருந்தார்கள். நடந்ததைக் கேட்ட பிறகும் சௌக்கத் அலி, அப்படியானால் ஊற்று பெரியதுதானே என்று கேட்டார். வால்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"பூமிக்குள்ள இருக்கிற எண்ணெய் பெட்ரோலா ஊறாது, பாய். பாறைக்கு அடியில, ரொம்ப ஆழத்துல, கறுப்பாக் குழம்பா இருக்கும். அதை எடுத்துக் காய்ச்சி வடிச்சாத்தான் பெட்ரோல். இங்க இருக்கிறது கடல் மணல், அதுக்குக் கீழ களிமண். எங்கேயோ ஒரு குழாய் ஓட்டை. ஒழுகினது மணல் வழியா வந்து தண்ணி மேல நிக்குது. பலகை போட்டு ஆவியை அடைச்சு வெச்சீங்க. அது நெருப்புக்காகக் காத்துக்கிட்டு இருந்தது."

மஜீது திரும்பிப் பார்த்தபோது சௌக்கத் அலியைக் காணவில்லை. இரண்டு நாள் தேடலில், பக்கத்துத் தனியார் பெட்ரோல் கிடங்கு ஒன்றின் நிலத்தடிக் குழாய் அரித்துப் போயிருந்தது தெரியவந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால், தீப்பிடிப்பதற்கு முன்பே அதை அடைத்திருப்பார்கள்.

மஜீதும் ரஹீமுன்னிசாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கெங்கம்மாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன. இனி விரல்கள் மடங்குமா என்பது டாக்டருக்கே தெரியவில்லை. மஜீது ஏதோ சொல்ல வாயெடுத்தான். கெங்கம்மா அவனைப் பார்க்காமல் ரஹீமுன்னிசாவிடம் கேட்டாள்.

"உனுக்குத் தெரியுமா, ரஹீமா?"

"தெரியும்க்கா."

கெங்கம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மஜீது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் என்னால்தான், நீ என்ன செய்வாய், நான்தானே மிரட்டினேன் என்றான். ரஹீமுன்னிசா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளிடம் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"நீங்க ஆசைல மறைச்சீங்க. நான் பயத்துல மறைச்சேன். ரெண்டும் ஒண்ணுதாங்க. ஊரு பொழங்கற கெணத்துல ஆபத்து கீதுன்னு தெரிஞ்சா, அத்த அன்னிக்கே ஊருக்குச் சொல்லிடணும். நாம வாய மூடிக்கினோம். வெந்தது அந்தக்கா கையி."