உனக்கு எதற்கு மெஷின்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கக் கம்ப்யூட்டரே தேவையில்லை என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்கப் போன இடத்தில் தெரிந்த ஆசிரியர் யாராவது அகப்பட்டால் போதும், என் அட்டைப்பெட்டிப் பாடத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். அவர் கையில் கருவேப்பிலை வாடிக்கொண்டிருக்கும். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

என் பெயர் ரத்தினவேல். டெல்லியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். தொண்ணூற்றெட்டில் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் கொண்டுவந்தார்கள். கணக்கும் அதுவும் ஒன்றுதானே என்று பிரின்ஸிபால் வெங்கட்ராமன் என்னைப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது நான் கம்ப்யூட்டர் வாத்தியாராகவும் ஆகியிருந்தேன்.

எட்டு மெஷின்கள் வந்தன. ஏ.சி. அறை. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட உறை. மறு வருஷம் ஜூலையில் ஒரு நாள் போன கரண்ட் எகிறித் திரும்பி வந்ததில் ஆறு மெஷின்கள் செத்தன. ரிப்பேருக்கு எழுதியிருக்கிறேன் என்றார் வெங்கட்ராமன். டிசம்பர் வரைக்கும் அதையேதான் சொன்னார். உறைகளை மட்டும் எட்டுக்கும் தவறாமல் துவைத்துப் போட்டார்கள்.

நாற்பது பிள்ளைகள், இரண்டு மெஷின்கள், வாரத்துக்கு இரண்டு பீரியடு. எனக்கு வந்த எரிச்சலில்தான் அந்த யோசனை பிறந்தது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் காலி ஷூ பெட்டிகள் பத்து வாங்கி வந்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து எழுதினேன். பெட்டிதான் மெஷினின் ஞாபகம். ஒரு பெட்டியில் ஒரு சீட்டுதான் இருக்கலாம். புதுச் சீட்டு வந்தால் பழையதைக் கிழித்துப் போட வேண்டும். ஒருவன் புரோகிராமை வரி வரியாகப் படிப்பான், ஒருத்தி சீட்டை மாற்றுவாள், இன்னொருத்தி கரும்பலகையில் விடையை எழுதுவாள். எண்களை வரிசைப்படுத்தும் பாடத்துக்கு வெயில் காயும் மைதானத்தில் பிள்ளைகளையே எண்களாக நிறுத்தினேன். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேரை மட்டும் பார்க்கலாம், சின்ன எண் பின்னால் நின்றால் இடம் மாற்றலாம், அவ்வளவுதான் அனுமதி. குளிரில் மூக்கு சிவந்து, சிரித்துக்கொண்டே கற்றார்கள். பாடம் நன்றாகத்தான் இருந்தது. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்த விளையாட்டில் இளவரசிக்கு நிகர் யாருமில்லை. பெட்டிகூட அவளுக்கு வேண்டியதில்லை. முப்பது வரி புரோகிராமைக் கண்ணால் ஒரு தடவை ஓட்டிவிட்டு, கடைசியில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவாள். நான் எழுதிப்போட்டதில் தப்பிருந்தால் சத்தமில்லாமல் என் மேஜைக்கு வந்து காட்டுவாள். என் மானத்தை வகுப்புக்கு முன்னால் அவள் ஒரு நாளும் வாங்கியதில்லை.

அவளுடைய அப்பா கலியன் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் கார் டிரைவர். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம், இங்கே சரோஜினி நகரில் சின்ன குவார்ட்டர்ஸ். பெற்றோர் கூட்டத்தன்று என்னிடம் தனியாக விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஜூனில் ரிட்டயர் ஆகிறார், வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரோடு போகிறார்கள். அவருடைய ஆபீஸர் விஸ்வநாதன் நல்ல மனிதர். பெண் கம்ப்யூட்டரில் பாஸ் பண்ணிவிட்டால், பாலிடெக்னிக்கில் ஹாஸ்டலோடு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"மொத தடவையே பாஸாவணும் சார். இல்லன்னா அவளும் எங்களோட ஊருக்கு வர வேண்டியதுதான். அங்க போயி என்னாத்த படிக்கிறது?"

அவள் பாஸாகாமல் வேறு யார் ஆகப்போகிறார்கள் என்று சிரித்தேன்.

இரண்டு மெஷின்களையும் யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெட்டிப் பாடம் மண்டையில் ஏறாத பதினைந்து பேரை மெஷினில் உட்காரவைத்தேன். புரியாவிட்டாலும் விரலால் மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள் என்பது என் எண்ணம். கெட்டிக்காரப் பிள்ளைகள் காத்திருக்கட்டும். அவர்களில் பலருக்கு வீட்டிலோ தெருமுனை சென்டரிலோ மெஷின் கிடைத்தது. கலியன் மகளுக்கு எங்கே கிடைக்கும்? அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மூன்று தடவை என்னிடம் வந்து கேட்டாள். முதல் தடவை நான் சொன்ன பதிலுக்கு வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

"உனக்கு எதுக்கும்மா மெஷின்? நீயே மெஷின்தானே."

மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன். அப்போது அவள் சிரிக்கவில்லை. "அச்சா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஜனவரியில் செய்முறை ஃபைலுக்கு வேளை வந்தது. இருபது புரோகிராம், ஒவ்வொன்றுக்கும் மெஷினில் ஓட்டிப் பார்த்த விடை. ஓட்ட மெஷின் ஏது? வெங்கட்ராமனிடம் போய் நின்றேன். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி விடைகளைக் கையால் எழுதச் சொல்லுங்கள், எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் என்றார். நானும் வகுப்பில் அப்படியே சொன்னேன். இருபதுக்கும் விடை கண்டுபிடித்தவள் இளவரசி. மற்ற முப்பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். எல்லா ஃபைலிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஹிந்திக்காரர். கண்டிப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெங்கட்ராமன் அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ நான்கு மெஷின்களை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கு ஒரு கேள்வி. முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகு இருபது நிமிடத்துக்குள் மெஷினில் அடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். இளவரசிதான் முதலில் எழுதி முடித்தாள். தாளை எட்டிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

மெஷின் முன்னால் உட்கார்ந்ததும்தான் ஆரம்பித்தது. எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று ஒற்றை விரலால் தேடினாள். அடைப்புக்குறிக்கு இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எதையோ தட்டியதில் எல்லாம் பெரிய எழுத்தாக விழுந்தது. அழிக்கப் போய் முழு வரியும் போயிற்று. ஓட்டிப் பார்த்தபோது பதினான்கு தப்பு என்று காட்டியது திரை. தன் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் நான் பழக்கிய மக்குப் பையன் கண்ணை மூடிக்கொண்டு தட்டி முடித்துவிட்டு எழுந்து போனான்.

தேர்வாளர் அவளுடைய ஃபைலைப் புரட்டினார். இருபது விடைகளும் சரி. இதையெல்லாம் மெஷினில் ஓட்டினாயா என்று கேட்டார். இல்லை, தாளில் நானே போட்டுப் பார்த்தேன் என்று ஹிந்தியில் உள்ளதைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஒரு எழுத்தடிக்கத் தெரியாதவள் இருபது விடை கண்டுபிடித்தாளாம். யாருடைய ஃபைலைக் காப்பியடித்தாய் என்று கேட்டார். பிறகு மெஷினில் உட்காருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். வருஷம் முழுக்க அவள் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்துகூட இல்லை. ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார்.

இளவரசி என்னிடம் தமிழில் பேசினாள். தேர்வாளருக்கு அது புரியாது.

"பொட்டி வச்சு நாமதான் பண்ணோம்னு சொல்லுங்க சார். நான் சொன்னா அவரு நம்ப மாட்டேங்கறாரு."

நான்தான் மெஷினில் ஓட்டாமலே கையால் எழுதச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்பது ஃபைலும் செல்லாமல் போகும். அந்த நாற்பது பிள்ளைகளை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நிமிடத்தில் நான் நினைத்தது என் வேலையை மட்டும்தான்.

இந்தப் பெண் செய்முறை வகுப்புக்கே சரியாக வருவதில்லை, எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன் என்று தேர்வாளரிடம் ஹிந்தியில் சொன்னேன். என் ஹிந்தியைவிட அவளுடைய ஹிந்தி நல்லது. ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பியிருக்காது. முப்பதுக்கு ஆறு போட்டார். செய்முறையில் தனியாகத் தேற வேண்டும், அதற்குக் குறைந்தது பத்து மார்க் வேண்டும்.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. எழுத்துத் தேர்வில் பள்ளியிலேயே அவள்தான் முதல். கம்ப்யூட்டரில் ஃபெயில். மற்ற முப்பத்தொன்பது பேரும் பாஸ் என்று வெங்கட்ராமன் எனக்குக் கைகொடுத்தார். கலியன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஜூன் முழுக்கப் புழுங்கினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதில் மாதம் முடிந்தது.

ஜூலை முதல் வாரம் பள்ளி திறந்தது. மத்தியான வேளை, ஆசிரியர் அறையில் இன்னும் நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலியன் வந்து வாசலில் நின்றார், பின்னால் இளவரசி. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் எழுந்து நின்றேன்.

கலியன் கும்பிட்டார். "உக்காருங்க சார், நீங்க ஏன் எழுந்துக்கறீங்க. நாளான்னிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல டிக்கெட். போறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பாக்கி இருக்குன்னு வந்தேன்."

அவளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவ வூட்ல வந்து என்னா சொன்னா தெரியுமா சார்? நீங்கதான் இவள மெஷின்கிட்டயே வுடலயாம். பரீட்சைல நீங்கதான் பொய் சொன்னீங்களாம். வச்சேன் ஒரு அறை. பதினேழு வருஷத்துல இவ மேல கை வச்சது அன்னிக்குத்தான். தான் படிக்காததுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவரு மேல பழி போட்டுட்டு ஊருக்குப் போனா வெளங்குமா சார்? மன்னிப்பு கேளுடி."

இளவரசி என்னை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று அப்போதும் நம்பினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

கலியன் அவள் தோளை இடித்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் இளவரசி. "நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன். "இனிமே யாரப் பத்தியும் இப்படிப் பேசாதே."

கலியனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.