பிலா மூட்டுச் செம்பு

“குழியில ஊத்து பொங்கிட்டு சித்தப்பா. முட்டளவு வெள்ளம் கெடக்கு. இதுல எப்பிடி வெறகு அடுக்க?”

உமாசங்கர் இதைச் சொன்னபோது குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தோண்டிப் போட்ட மண்ணில் முந்தின நாள் மழையின் ஈரம் இருந்தது, அவ்வளவுதான். கடைக்காரன் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையை வெயிலில் திரும்பி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதன் அவன். வலியசாலையில் ஆபீஸ் போட்டு நாலு பேர் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறவன். அப்படிப்பட்டவன் வாயில் பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்கிறீர்கள்! நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

உள்ளே கூடத்தில் அவன் அப்பா பகவதிப்பெருமாள் வாழையிலை மேல் கிடந்தார். தலைமாட்டில் தேங்காய் முறியில் விளக்கு எரிந்தது. பொன்முடிக்குப் போகிற சாலையிலிருந்து பிரிந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கினால் அவருடைய விளை. மரச்சீனியும் வாழையும் நல்லமிளகுமாக, ஆயுசு முழுவதும் அவர் கட்டிக்கொண்டு அழுத பூமி. முந்தாநாள் அடித்த புயலில் பாதி வாழை ஒடிந்துபோயிற்று. தெற்கே நின்ற பெரிய பிலாமரம் வேரோடு சாய்ந்தது. நேற்றுப் பகல் முழுக்க மம்பட்டியும் கையுமாக விளையில் நின்றவர், பொழுது சாயும் நேரத்தில் அடுக்களைப் படியில் வந்து உட்கார்ந்து மகளிடம் சுடுதண்ணீர் கேட்டார். ஸ்ரீலட்சுமி டம்ளரோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா நீலாம்பாளை எரித்ததும் இதே விளையில்தான். தெற்கு மூலையில் அவளை எரித்த இடத்தில் நட்ட தென்னம்பிள்ளை இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. “எனக்கும் அது பக்கத்துல மதி, வேற எடம் வேண்டாம்” என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். அதனால்தான் காலையில் தாணு வந்ததும் யாரும் கேட்காமலே அங்கே போய்க் குழியை வெட்டினான். அப்பாவோடு விளையில் பாடுபட்டவன், அவனுக்கு இடம் தெரியும். வெட்டி முடித்துவிட்டு, விறகுக்கு மாமரத்தைத் தறிக்க மேலே போனான்.

உமாசங்கர் தனியாக நின்றான். அப்போதுதான் கைசரைப் பார்த்தான்.

கைசர் அப்பாவின் நாய். மரச்சீனிக்குக் காட்டுப்பன்னி வந்தால் முதலில் குரைப்பது அதுதான். அப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் முன்னால் பாய்வதும் அதுதான். அந்த நாய், சாய்ந்து கிடந்த பிலாவின் வேர்ப்பள்ளத்துக்குள் இறங்கி முனகிக்கொண்டே மண்ணைப் பிறாண்டியது. விரட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அது கிளறிய இடத்தில் களிம்பு ஏறிய செம்பின் கழுத்து ஒன்று தெரிந்தது. கழுத்துக்குக் கீழே வயிறு அகன்று மண்ணுக்குள் போயிற்று.

போன வருஷம் கீழ்விளைக்காரன் மழைக்குழி தோண்டும்போது ஒரு குடம் பழங்காசு கிடைத்தது. சாயங்காலத்துக்குள் போலீஸும் தாசில்தாரும் வந்து கொண்டுபோனார்கள். தோண்டினவனுக்கு டிவியில் முகம் தெரிந்ததுதான் மிச்சம். உமாசங்கருக்கு அது ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே ஊரே வந்து நிற்கும். அஞ்சாறு அடி தள்ளித்தான் குழி. சிதை எரிந்து அடங்கும்வரை ஆட்கள் இங்கேயே சுற்றுவார்கள். ஒருத்தன் கண்ணில் பட்டால் போதும்!

அவனுக்கு என்ன குறைச்சல்? ஒன்றும் இல்லை. வீடு இருக்கிறது, தொழில் இருக்கிறது, மகன் சம்பாதிக்கிறான். இல்லாதவன் ஆசைப்பட்டான் என்று சொல்லவாவது வழி இருந்திருக்கலாம். அவன் ஒடிந்த வாழையிலைகளை இழுத்துப் பள்ளத்தில் போட்டு மூடினான். கைசரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டுத் தொழுத்தில் கட்டினான். வெங்கலக் குரலில் அது ஊரைக் கூட்டியது. பிறகுதான் முற்றத்துக்கு வந்து சித்தப்பாவிடம் ஊற்றுக் கதையைச் சொன்னான்.

“நான் வெட்டும்போ அப்பிடி ஒண்ணும் இல்லியே” என்றான் கோடாலியோடு இறங்கி வந்த தாணு. “இரிங்க, போய்ப் பாத்துட்டு வாறேன்.”

“போவாண்டாம். நான் பாத்தாச்சுல்லா? சிட்டிக்குக் கொண்டு போயிரலாம். கரண்ட்ல வச்சா ஒரு மணிக்கூர்ல தீந்திரும்.”

தாணு அவன் முகத்தைப் பார்த்தான். கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப்போனான். மாமரம் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

ஸ்ரீலட்சுமி எழுந்து வந்துவிட்டாள். புருஷன் மஸ்கட்டில். அவள்தான் இத்தனை வருஷமும் அப்பாவோடு இந்த வீட்டில் இருந்தவள்.

“என்னண்ணா இது? அப்பா அம்மைக்க பக்கத்துல போதும்னு சொல்லிச் சொல்லி வச்சாவல்லா?”

“சொன்னாவ. யாரு இல்லேன்னா? வெள்ளத்துல வச்சு எரிக்க முடியுமா? பாதி வெந்தும் வேவாமயும் கெடந்தா ஒனக்குச் சம்மதமா?”

“வேற எடத்துல வெட்டலாமே. விளை முழுக்கவா ஊத்து பொங்குது?”

“லட்சுமி, கொள்ளி வைக்கப்போறது நான். எனக்குத் தெரியாதா?”

அவள் உள்ளே திரும்பி அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். நயினார் சித்தப்பாவும் தலையை ஆட்டினார். “அவன் சொல்லுகது செரிதான் மக்கா. மழையும் கேறி வருது. அண்ணனுக்கு நல்லபடியா நடக்கணும், அதுதான் முக்கியம்.”

ஆம்புலன்ஸ் வந்தது. அப்பா தம் வாழையும் தம் மரச்சீனியும் தாண்டி, தாம் ஒருநாளும் விரும்பிப் போகாத டவுனுக்குப் புறப்பட்டார். தொழுத்திலிருந்து கைசர் கத்தியது, வண்டி சாலைக்கு ஏறும்வரை கேட்டது.

வண்டிக்குள் அப்பாவின் கால்மாட்டில் உமாசங்கர் உட்கார்ந்திருந்தான். வளைவுக்கு வளைவு அந்தப் பாதங்கள் அவன் முட்டில் வந்து இடித்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எத்தனை குடம் ஊற்றிக் குளிப்பாட்டியும் நக இடுக்கில் செம்மண் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவன் என்ன நினைத்தான்? பொன்னாக இருக்குமா, வெறும் செப்புக்காசாக இருக்குமா என்று நினைத்தான். பொன்னானால் யாரிடம் காட்டுவது, சாலைக் கடைத்தெருவில் யாரைத் தெரியும் என்று நினைத்தான். சீ என்று தன்னையே ஒருதரம் சொல்லிக்கொண்டு அழப் பார்த்தான். கண்ணீர் வரவில்லை. அடுத்த வளைவில் மனது மறுபடியும் பிலா மூட்டுக்கே போயிற்று.

“ஒனக்கு நல்ல நெதானம் மக்கா” என்று சித்தப்பா அவன் தோளைத் தொட்டார். “வேற ஒருத்தன்னா இந்த நேரத்துல கையும் காலும் ஓடாது. அண்ணன் ஒன்ன நல்லா வளத்திருக்காரு.”

நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

டவுன் மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. இரும்புக் கதவு திறந்தது, அப்பா உள்ளே போனார், கதவு மூடியது. அஸ்தியை நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் சரி என்றான்.

விளைக்குத் திரும்பியபோது மழை வெறித்திருந்தது. மயானத்துக்குப் போனவர்கள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குள் ஏறினார்கள். “நீங்க கேறுங்கோ, நான் வாறேன்” என்று உமாசங்கர் பின்தங்கினான். முற்றம் ஒழிந்ததும் தொழுத்துச் சுவரில் சாத்தியிருந்த அப்பாவின் மம்பட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே இறங்கினான்.

இலைகளை விலக்கினான். இரண்டு கொத்துக்கு மண் இளகிற்று. அதை யாரோ புதிதாக அள்ளிப்போட்டு மிதித்திருந்தார்கள் என்பது அப்போதாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கும்? கையால் தோண்டி, இரண்டு கையாலும் அணைத்துச் செம்பை வெளியே எடுத்தான். இவ்வளவுதானா கனம் என்று ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மெழுகு வைத்து அடைத்திருந்த மூடியை மம்பட்டி முனையால் நெம்பினான்.

உள்ளே பட்டுத்துணியில் பொதிந்து ஒரு மண்கலயம் இருந்தது. அரக்குப் பட்டு, மாம்பிஞ்சுக் கரை. அம்மாவின் கல்யாணப் புடவை. கலயத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, மூன்று முடிச்சு போட்டிருந்தது. போட்டவன் அவன்தான்.

சஞ்சயனத்தன்று எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் கட்டிப் பிலா மூட்டில், மரத்தடியில் புதைத்து வைப்பார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. பிறகு நாள் பார்த்துத் திருவல்லத்தில் கரைப்பார்கள். அம்மாவுக்கு அதைச் செய்ய வேண்டியவன் மகன். “ஒனக்கு ஆடிட் நேரம்லா, நீ போ. நான் கொண்டு கரைச்சுக்கிடுகேன்” என்றார் அப்பா. இவனும் நல்லதாகப் போயிற்று என்று பஸ் ஏறிவிட்டான். கரைத்தாச்சா என்று அதற்கப்புறம் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அப்பா கரைக்கவில்லை. வேர் நெருக்கிக் கலயத்தை உடைத்துவிடக் கூடாதென்று செம்புக்குள் இறக்கி, தமக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

அஞ்சாறு அடி தள்ளி அப்பாவுக்கு வெட்டிய குழி இருந்தது.

“அண்ணா.”

திரும்பினான். ஸ்ரீலட்சுமி நின்றாள், தலைக்கு ஊற்றி ஈரம் சொட்டச் சொட்ட. கட்டவிழ்த்த கைசர் அவளுக்கு முன்னாலேயே ஓடி வந்து பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவள் அண்ணனைத் தேடித்தான் வந்திருந்தாள். ஆனால் முதலில் பார்த்தது குழியை. விளிம்புக்குப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தாள். அவ்வளவு மழைக்கும் அடியில் உள்ளங்கை நனையத் தண்ணீர் இல்லை.

“வெள்ளம் எங்கண்ணா?”

அவன் வாயைத் திறந்தான். காலையில் தடுக்காத நாக்கு இப்போது அசையவில்லை. பட்டுத்துணியைக் கலயத்தின் மேல் இழுத்து மூடப் பார்த்தான். அவசரத்தில் துணி இன்னும் விலகிற்று.

அவள் கிட்டே வந்து அந்தக் கரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தனக்குத்தானே சொல்கிறவள் போலச் சொன்னாள்: “நேத்து முழுக்க இங்கதான் நின்னாவ. மண்ணு வெட்டி வெட்டிப் போட்டாவ. மரம் போச்சேன்னு வெசனப்படுகாவன்னு நெனச்சேன். உச்சைக்குச் சோறு உண்ணக்கூட வரல்ல.”

“லட்சுமி, நான்…”

அவன் கலயத்தை எடுத்து அவளிடம் நீட்டப் போனான்.

“நீ தொடாத. மயானத்துக்குப் போயிட்டு இன்னும் குளிக்கல்லேல்லா நீ.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவளே குனிந்து கலயத்தைப் பட்டோடு வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுகையால் மம்பட்டியை எடுத்தாள். தொழுத்துக்குப் பின்னால் நின்ற இன்னொரு பிலாவை நோக்கி நடந்தாள். கைசர் அவள் பின்னால் போயிற்று.

உமாசங்கர் கிணற்றடிக்குப் போனான். வாளியை இறக்கி இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். மறுபடியும் இறக்கினான். கண்ணில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தபோது, தங்கை புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு பிலா மூட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தாள். கலயம் பக்கத்தில் ஒரு இலை மேல் இருந்தது. அதற்கு அந்தக் குழி எப்போதோ போதுமாகியிருந்தது. அவள் நிறுத்தாமல், பக்கத்தில் இன்னொரு கலயம் கொள்ளுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டிருந்தாள்.