லைட்டுக்குள்ளே ஆவி

பிணம் வீடு வந்து சேருவதற்கு முன்பே வெங்கடேசன் ஸ்பேனரோடு வந்துவிட்டான். அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மாமாவின் காருக்கு முன்னால் போய்க் குந்தி, வலது பக்க லைட்டின் திருகில் கை வைத்தான். பந்தல் போட வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு மூங்கில் நட்டார்கள்.

ஜன்னல் வழியாக அக்கா வேண்டா அதைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணுக்கும் அது நன்றாகவே தெரிந்தது.

"இன்னாடா பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா. வண்டி பந்தலுக்கு எடைஞ்சலா கீது. தள்ளலாம்னு..."

"தள்றதுக்கு லைட்ட ஏன்டா கழட்டற?"

"நீ உள்ள போக்கா, சனங்க வந்துகினு கீறாங்க" என்று சொல்லிவிட்டுத் திருகைத் திருப்பினான்.

அவளுடைய புருஷன் அருணகிரி மாமல்லபுரம் ஸ்டாண்டில் கார் ஓட்டியவர். விடிவதற்குள் கல்பாக்கத்தில் ஒரு சவாரியை ஏற்றப் போனவர், லைட்டு மங்கி ரோட்டோரம் தெரியாமல் போகவே வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பனியன் துணியால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். எதிரே வந்த பால் வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. காரில் ஒரு கீறல் இல்லை. அதை வீட்டுக்கு ஓட்டிவந்த ஸ்டாண்டுப் பன்னீர்செல்வம், துணி இன்னும் அவர் கையிலேயே இருந்தது என்று சொல்லிவிட்டு அழுதார்.

அந்த லைட்டு வெங்கடேசன் போட்டது. சிங்கப்பெருமாள் கோயிலில் சீட் கவர், ஹாரன், ஸ்டிக்கர் என்று கடை வைத்திருக்கும் மேதை அவன். "கண்ணாடி மஞ்சளா பூட்ச்சி மாமா" என்று வண்டியோடு வந்த லைட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நீல வளையம் வைத்த இரண்டைப் பொருத்தினான். எடுத்துப்போனது எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. முதல் மழையிலேயே வலது பக்க லைட்டுக்குள்ளே ஆவி படிந்தது.

அதற்கு அவன் பார்த்த வைத்தியம் இருக்கிறதே! முடி உலர்த்தும் மிஷினால் ஊதினான். செருப்புப் பெட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலத்தை உள்ளே போட்டான். கடைசியில், குளியலறை டைல்ஸ் இடுக்கில் பூசும் வெள்ளைப் பசையைச் சுற்றிலும் அப்பி, பின்னாலிருந்த காற்றுப் போகும் சின்ன ஓட்டையையும் விரலால் அடைத்தான். "ஒரு சொட்டு உள்ள பூராது மாமா, நான் கேரண்டி." உண்மைதான், புகவில்லை. இருந்ததும் வெளியே போகவில்லை. கடற்காற்று அடிக்கிற விடியற்காலையில் எல்லாம் அந்த லைட்டு உள்ளுக்குள் வேர்த்தது.

உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே துடைத்து என்ன ஆகும் என்று வேண்டா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். மச்சான் மனசு கோணக்கூடாது என்று அந்த மனுஷர் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்காக அவர் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. செத்துக் கிடக்கிறவர் மேல் ஆத்திரப்படுவது பாவமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

அவள் மூன்றாவது பெண். இனிமேல் பெண்ணே பிறக்கக்கூடாது என்று அப்பன் வைத்த பெயர் வேண்டா. பெயர் பலித்து, அடுத்தது பையனாகப் பிறந்தது. பலித்த லட்சணம் இப்போது கார் முன்னால் குந்தியிருந்தது.

ஸ்டாண்டில் பாதி வண்டிக்கு அவன் கடை லைட்டுதான். தெருமுனை டீக்கடையில் பேச்சு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அதனால்தான் இந்த அவசரம். லைட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தன் பைக்கில் கட்டியபிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து இறங்கியதும் எல்லோரையும் விடச் சத்தமாக அழுதான். "எல்லாம் விதி! பால் வண்டிக்காரன் தூங்கிட்டான்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான்.

குளிப்பாட்டி, மாலை போட்டு முடிந்ததும், அருணகிரியின் பங்காளி ஜெகதீசன் பந்தலிலிருந்து குரல் கொடுத்தார்.

"பொறந்த வூட்டு கோடி போட்றவங்க வாங்க!"

தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை விழாமல் அந்த ஊரில் பிணம் எடுப்பதில்லை. கோடி போட்ட கை நல்ல கை; அதன்மேல் அப்புறம் யாரும் பழி சொல்வதில்லை. இன்றைக்கு அக்காவின் தோளில் அந்தப் புடவை விழுந்துவிட்டால், லைட்டுப் பேச்சு அதோடு சரி. அது வெங்கடேசனுக்கும் தெரியும், வேண்டாவுக்கும் தெரியும். பெண்டாட்டி ஜெயப்பிரியா ஏந்திவந்த தட்டை வாங்கிக்கொண்டு அவன் முன்னால் வந்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தது.

"அக்கா, ஒனக்கு நான் கீறேன்கா."

"லைட்டு எங்கடா?"

"எ... எந்த லைட்டு?"

"கழட்டனியே, அது. எட்த்தாந்து மாட்டு."

"இப்பவாக்கா? தூக்கற நேரத்துல..."

"அவரு வுட்டுட்டுப் போன மாதிரியே மாட்டு. கோடிய அப்பால பாக்கலாம்."

ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். "வேண்டா, நேரமாவுதும்மா."

"ஆவட்டும் மாமா."

பறை நின்றது. வெங்கடேசன் தட்டைப் பெண்டாட்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்கை அவிழ்த்தான். பிணத்தைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே காரைச் சுற்றி வந்து நின்றது. ஒரு திருகு கைதவறி மண்ணில் விழ, மண்டியிட்டுத் தேடினான். யாரும் குனிந்து உதவவில்லை. மாட்டி முடித்ததும், யாரும் கேட்காமலே பன்னீர்செல்வம் வண்டிக்குள் ஏறி ஸ்விட்சைப் போட்டார்.

பட்டப்பகலில் அந்த லைட்டு மஞ்சளாக முனகியது. கண்ணாடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். ஸ்டாண்டு ஆட்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவர் திரும்பித் தெருமுனையில் நின்ற தன் காரைப் பார்த்தார்.

"மாட்டிட்டேன்கா" என்று வெங்கடேசன் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஜெயா, தட்டக் குடு."

"வாணாம்" என்றாள் வேண்டா.

"அப்புடிச் சொல்லக் கூடாதும்மா. கூடப் பொறந்தவன்..." என்று இழுத்தார் ஜெகதீசன்.

"தூக்குங்க மாமா."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பறைக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினார். ஆண்கள் பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்க, வெங்கடேசனும் நாலு பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தான்.

ஜெயப்பிரியா புடவைத் தட்டை ஏந்தியபடி பந்தலில் நின்றாள். யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெண்கள் அவரவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.