பளிங்கு கழுவிய இன்ஜின்

அவருக்குப் பளிங்கு என்று பேர் வைத்தது அவர் மனைவிதான். செருப்பின் அடிப்பக்கத்தைக்கூடக் கழுவிவிட்டுப் போடுகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பேர் தெருவெல்லாம் பரவி, போனை எடுத்தால் அவரே "பளிங்கு பேசுறேன்" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பதினாலு மாசமாக அவருடைய வேன் வாசலில் சும்மா நின்றது. இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனி, வேலையாட்களை ஏற்றி இறக்க வண்டி தேடுகிறதாம். மறுநாள் காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் திங்கட்கிழமையே ஓட்டம். அந்தச் சந்தோஷத்தில் மனைவி, முதுகை ஒடித்த சலவைக்கூட வேலைக்கு அன்று காலையே முழுக்குப் போட்டுவிட்டு வந்தாள். அவள் இடத்துக்கு மத்தியானமே வேறு ஆள் வந்தாயிற்று. அவசரப்பட்டுவிட்டாள்தான். ஆனால் பாவம், அவளும் எத்தனை நாள்தான் தாங்குவாள்?

பளிங்கு பானெட்டைத் திறந்தார். நனையக் கூடாத ஒயர்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டினார். டீசல் தொட்ட பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, பழைய பனியனால் துடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர் முகம் சுளித்தார். தண்ணீர் செம்மண் குழம்பாய் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தண்ணீர் குறைந்தால் ஊற்று, மாற்ற மட்டும் செய்யாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வெளியே பளபளப்பும் உள்ளே சேறுமாக ஒரு வண்டியை அடுத்தவனுக்குக் காட்ட பளிங்குக்கு மனசு வரவில்லை.

அடிக்குழாயைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தார். துருவைக் கரைக்கும் மருந்தை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தார். ஆறாவது தடவை தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தை பிறந்தால்கூட இப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு பத்து நிமிஷம். நல்ல தண்ணீரை நிரப்பி மறுபடி ஓடவிட்டபோது பின்னால் வெள்ளைப் புகை கிளம்பித் தெருவையே மூடியது. இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி நின்றது. அப்புறம் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரே சத்தம்.

போன் போட்டதும் மச்சான் ஓடி வந்து ஆயில் குச்சியை உருவினார். அதில் தண்ணீர் கலந்த ஆயில் பால்காப்பி நிறத்தில் வழிந்தது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்ஜின் தலையில விரிசல் மாப்பிள. அன்னிக்கே மாத்தியிருக்கணும், வழியில்லாம தண்ணியில பொடி போட்டு அடைச்சேன். அந்தச் சேறுதான் இத்தன நாளா அத மூடிக்கிட்டு இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"சொன்னா நீ தூங்குவியா?"

நாளைக்குள் சரியாகுமா என்று மனைவி கேட்டாள். அண்ணன் ஆகாது என்று தலையை ஆட்டினார். இந்த மாடலுக்கு அந்தப் பாகம் வருவது நின்றே வருஷக்கணக்காகிறது. சூப்பர்வைசரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள் அவள். பளிங்கு மூன்று தடவை போனைக் கையில் எடுத்தார். மூன்று தடவையும் அதைத் துடைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

சூப்பர்வைசர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். விரலால் இன்ஜினைத் தடவி, அந்த விரலைப் பளிங்கின் மனைவியிடம் காட்டினார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"இருபது வருஷமா வண்டி பாக்குறேன்மா, இப்படி ஒரு இன்ஜினப் பாத்ததில்ல. வேற வண்டியே பாக்க வேண்டாம், இதையே வச்சுக்கலாம்," என்றார். பிறகு பளிங்கின் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

மனைவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"இருங்க சார், இங்க கொஞ்சம் அழுக்கு இருக்கு," என்று சொல்லி, பளிங்கு குனிந்து துடைக்க ஆரம்பித்தார்.