நடுவில் இருக்கும் பெடல்

ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் கண்ணாடி ஏற்றிவிட்டவர் கண்ணாடிக்காரர். மீதிப் பேரையும் "உங்களுக்கும் சீக்கிரம் வேணும் சார்" என்று பயமுறுத்தி வைத்திருப்பவர். அப்பேர்ப்பட்டவரின் வலது கண் நடுவில் எட்டு மாதமாக ஒரு கறை குடியிருந்தது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டியில் இருந்த அத்தனை லென்ஸையும் தனக்கே மாட்டிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் முதலில் கையைவிட்டுப் போவது ஸ்டியரிங்தான் என்று அவருக்குத் தெரியும்.

அது லேசுப்பட்ட ஸ்டியரிங் இல்லை. அவருடைய அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த காருடையது. தெருவில் அந்தக் காருக்கு வைத்த பெயர் மாமியார். காலையில் எழுப்பினால் அரைமணி நேரம் இருமும். எதை ஊற்றினாலும் போதாது. விருந்தாளி வந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். பழைய கார் கிளப்காரர்கள் வருடம் ஒருமுறை வரிசை கட்டி மலை ஏறுவார்கள். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. இருபத்தாறு வருடமாக மாமியார் தவறியதில்லை. பக்கத்து இருக்கையில் மனைவியும் தவறியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமியாருக்கு வைப்பரைக் கையால்தான் ஆட்ட வேண்டும், காரின் முன் கண்ணாடிக்கு மேலே அதற்கொரு கைப்பிடி உண்டு. மழை வந்தால் அதை ஆட்டத்தான் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூட வருகிறாள் என்று கண்ணாடிக்காரர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் கிளப் புதிதாக ஒரு விதி போட்டது. அறுபத்தைந்து தாண்டிய ஓட்டுநர்கள் கிளம்பும் இடத்தில் கண் பரிசோதனை அட்டையைப் படித்துக் காட்ட வேண்டுமாம். கிளப் டாக்டர் அந்த அட்டையை யாரிடம் வாங்கினார்? கண்ணாடிக்காரர் கடையில்தான். நாற்பது வருடம் எதிரே தொங்கிய அட்டை. மனுஷன் மேலிருந்து கீழ்வரை மளமளவென்று ஒப்பித்தார். ஒப்பித்த வேகத்தில் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு!" என்றார் டாக்டர்.

பின்னால் நின்ற மனைவி செருப்பு வாரை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மலை ஏறத் தொடங்கியதும் அதிசயம் நடந்தது. வழக்கமாக மூன்றாம் வளைவுக்குள் பேச்சை விட்டு ஜன்னலில் சாய்ந்துவிடுகிறவள், வாய் மூடாமல் பேசினாள்.

"அந்த ஓட்டு வீடு வந்துடுச்சு பாருங்க. வளைவுல இப்பவும் துணி காயப் போட்டிருக்காங்க. ஐயோ, எதிர்ல பால் வண்டி, எவ்வளவு மெதுவா இறங்குறான் பாவம். இந்தப் பக்கம் சுவரு இடிஞ்சு கல்லெல்லாம் ரோட்டுல கிடக்கு, யாரும் அள்ள மாட்டாங்களா?"

"எக்ஸ்சேஞ்சுல விட்டதையெல்லாம் இன்னைக்குச் சேத்துப் பேசுறியா?" என்றார். ஆனாலும் காரைக் கல்லுக்கு விலக்கி ஓட்டினார். விலக்கியது தன் கண்தான் என்று நினைத்தார்.

பதினான்காம் வளைவில், "டாக்டரோட பச்சைக் கார் நின்னுடுச்சு. மனுஷன் நடுரோட்டுல பானட்டுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கிறார்" என்றாள். கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். டாக்டரின் முதுகு கையெட்டும் தூரத்தில் கடந்துபோனபோதுதான் அந்தக் கார் அவர் கண்ணில் பட்டது. அதற்கு முன் அங்கே வெறும் சாலைதான் தெரிந்தது.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்.

"இப்ப என்ன வருது?"

"வலப்பக்கம் நல்லாத் திரும்பும். ஓரத்துல மூணு வெள்ளைக் கல்லு. எதிர்ல யாருமில்ல." எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்லும் அதே குரல்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ஊசியில நூல் கோத்துத் தரேன்னு அரைமணி நேரம் உக்காந்தீங்களே, அன்னைக்கே."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ரோஷத்துல மறுநாளே காரை வித்துடுவீங்க. அப்புறம் நான் எங்க போறது? வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்குத்தானே காத்திருக்கேன்."

மாமியாரின் சத்தத்துக்கு மேல் அது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. பதினாறாம் வளைவில், பழைய கார்கள் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் குழாயடியில் காரை ஓரம்கட்டினார். இறங்கினார். சுற்றிவந்து மனைவி பக்கத்துக் கதவைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவர் திறந்த முதல் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

"இறங்கு. வேற யாரையாவது ஓட்டச் சொல்லி ஏத்திடலாம். இனிமே நான் தொட மாட்டேன்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை நீட்டினாள். அவர் தூரமாகப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

"என்னது இது?"

"என் லைசென்ஸ்."

"உனக்கேது லைசென்ஸ்?"

"ஆறு மாசம் யோகா போனேனே, அங்க குடுத்தாங்க."

கண்ணாடிக்காரர் குனிந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். பாதி அவர் கால்மேல் போயிற்று.

ஸ்டியரிங்கில் இருந்த கை ஆக்சிலரேட்டரை அவரே தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார், அந்த வேகத்தில் போனால் அதற்குப் பெடல் தேவையில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பழகியவள் மாதிரி கியர் போட்டுக் கிளம்பினாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, பதினேழாம் வளைவு வரைக்கும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க நடுப் பெடலை மிதித்தாள். மாமியார் ஆங்காரம் வந்ததுபோல் அலறிக்கொண்டு பாய்ந்தது.

"நடுவுல இல்ல! வலது ஓரம்! ஓரத்தை மிதி!"

மிதித்தாள். அவர் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். கார் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்று இருமியது.

"ஊருல எல்லாக் காருக்கும் பிரேக்கு நடுவுல! இதுக்கு மட்டும் ஏன் மாத்தி வெச்சிருக்கு?"

"அந்தக் காலத்துக் கார்ல அப்படித்தான். ஆக்சிலரேட்டர் நடுவுல, பிரேக்கு ஓரத்துல."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ இங்க வந்து உக்காருவேன்னு எவன் கண்டான்?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். மீதி ஐந்து வளைவுக்கும், "ஓரம்... விடு... இப்ப நடு, மெதுவா" என்று அவர் அவளுடைய காலுக்குப் பாடம் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் அவருக்குச் சொன்னாள்.

உச்சிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தள்ளி மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கிளப் செயலாளர் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஓட்டினது அம்மாவா? இவங்க அட்டையைப் படிக்கலையே."

"கேளுங்க, படிப்பா," என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி காரிலிருந்து இறங்காமலே, மேஜைமேல் தலைகீழாகக் கிடந்த பட்டியலை முதல் பெயரிலிருந்து வாசித்தாள். "ஒன்பதாவது பேரைத் தப்பா எழுதியிருக்கீங்க தம்பி. சட்டையில மூணாவது பட்டனையும் காணோம்." செயலாளர் ஒரு கையால் சட்டையை மூடிக்கொண்டு, மறு கையால் ஓட்டுநர் பெயரை அடித்துத் திருத்தினார்.

மலை இறங்கும்போது தூறல் பிடித்தது. கண்ணாடிக்காரர் வைப்பர் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். முதலில் தாறுமாறாக ஆட்டித் திட்டு வாங்கினார். போகப் போகக் கை பழகிவிட்டது. ஓட்டு வீட்டு வளைவு தாண்டும்போதும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மழை நின்னு பத்து நிமிஷமாச்சு."

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் கண்ணாடிக்காரர், கைப்பிடியை விடாமல். "நீ சொன்னாத்தானே."