இரவல் காய்ச்சல்

இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம்தான், மூன்று மணிக்கு அந்த அம்மாள் போன் செய்வாள், பையனுடைய தாயாரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பாள், இல்லை என்றால் தீர்ந்தது, பொய்யும் ஆகாது, காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது, ஆனால் அந்த இல்லைக்குப் பின்னாலேயே ஒரு ஏன் வருமே, ஏன் கேட்காமல் விடுகிற ஆளா அவள்... முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்து மனு மனுவாகப் படித்தவள், எந்த வரியில் எழுதினவனுக்கு வியர்த்திருக்கிறது என்று தாளைத் தடவியே சொல்லிவிடுவாள் என்பார்கள், இப்போது அந்தக் கண்ணோடுதான் புதுசாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகளிடம் முதலீடு செய்கிறாள். இந்த வருஷம் ஒரே ஒருவருக்குத்தான், பட்டியலில் முதலில் பையன் இருக்கிறான். போனுக்காகக் காத்திருந்த இவள், மேசையிலிருந்த, கழுத்தில் மாட்டும் பெயரட்டைகளை மறுபடியும் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். மணி இரண்டு பத்து. கண்ணாடி அறைக்கு வெளியே தண்ணீர் இயந்திரம் ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ஏழு வருஷமாக இந்த அறையில்தான் அவளுக்குப் பிழைப்பு, பணம் அனுப்ப, கடன் வாங்க, சம்பளம் போட என்று செயலி செய்கிற இளசுகளைக் கூட்டிவந்து, விஷயம் தெரிந்த வழிகாட்டி ஒருவரோடும் கையில் பணமுள்ள ஒருவரோடும் கோத்துவிடுவது, பிள்ளைகள் அவளைத் தரகரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதலில் சுருக்கென்றது, பிறகு பழகிவிட்டது, சரிதானே, தரகுதானே, பெண் சிவப்பு, பையன் உத்தியோகம் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லாத தரகர் எங்கே இருக்கிறார்...

கூட்டிச் சொன்னது யார், அவனா, தானா? பதினைந்து நாளைக்கு முன்னால் இதே அறையில்தான் ஒத்திகை. பையன் செய்திருப்பது நல்ல சரக்கு, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, தினக்கூலி ஆட்களுக்கு அன்றன்றைய கூலி அன்று மாலையே கைப்பேசியில் விழுந்துவிடும், சனிக்கிழமைக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம், வரிசை வேண்டாம். வழிகாட்டியாக வந்தவர் சம்பளப் பட்டுவாடாவிலேயே தலை நரைத்த மனிதர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஆப் நல்லா இருக்கு தம்பி. ஆனா உனக்கு எங்க வலிக்குதுன்னு தெரியலையே" என்றார். பையன் யோசித்துப் பார்த்தான், பாவம், உண்மையாகவே தேடிப் பார்த்தான், அவன் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அப்பாவுக்கு மருந்துக்கடை, வலி என்று ஒன்றும் அகப்படவில்லை, வழிகாட்டியும் கிளம்பிப் போய்விட்டார், பையன் முகம் தொங்கிக் கிடந்தது. அப்போது அவள்தான் வாயை விட்டாள், ஒரு உதாரணத்துக்குத் தம்பி, என் கதையைக் கேளு, இப்படித்தான் சொல்லணும் என்று... ஏன் சொன்னாள், யார் கேட்டார்கள், இரக்கமா, இல்லை, அந்தக் கதையைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறுமே, அந்த மாற்றத்தைப் பார்க்கிற ருசியா?

அம்மா சித்தாள், நாலு மாடிக்குச் சாரத்தில் ஏறிச் சிமென்ட் சட்டி சுமந்தவள், கழுத்து இன்னமும் ஒரு பக்கம் திரும்பாது. சனிக்கிழமை கூலி, அலுவலகத்தில் ஒற்றை ஜன்னல், அதன் முன்னால் இருநூறு பேர். இடுப்பில் நாலு வயதில் இவள், உடம்பெல்லாம் காய்ச்சல். அம்மா சும்மாட்டுத் துணியைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக நின்றாள், முன்னால் இன்னும் இரண்டே பேர் என்கிறபோது ஜன்னலின் தகரக் கதவைப் படாரென்று இழுத்து மூடிவிட்டார்கள், இனித் திங்கட்கிழமைதான். இவ்வளவுதான் கதை. ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். தகரக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அங்கே எச்சில் விழுங்க வேண்டும், பையனுக்கு அதையும் சொல்லிக்கொடுத்தாள். போன வெள்ளிக்கிழமை, பணம் போடுகிறவர்கள் கூடிய சபையில், மேடையில் அவன் அங்கேதான் நிறுத்தினான், அங்கேதான் எச்சில் விழுங்கினான், பிறகு, அந்த இடுப்புக் குழந்தை நான்தான் என்றான்... பின்வரிசையில் அட்டைகளோடு நின்றிருந்த அவளுக்குக் கை மயிர் குத்திட்டது, கோபத்தில் இல்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது, கண் கலங்கிவிட்டது அவளுக்கு, தன் தாய் தன்னைத் தூக்கிக்கொண்டு நின்றதை அடுத்தவன் வாயால் கேட்டு அழுதுவிட்டுப் பிறகுதான், அடப்பாவி, இது என்னுடையதல்லவா என்று தோன்றியது, அதற்குள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் தட்டினாள்.

அவனுக்கு அடுத்துப் பேச வந்தவள்தான் பட்டியலில் இரண்டாவது, நாற்பத்தைந்து வயதுக்காரி, ஏதோ ஆலையில் இருபது வருஷம் சம்பளக் கணக்கு எழுதியவள், எல்லோரும் கணக்கம்மா என்கிறார்கள். அவளுடையதும் கூலிக்காரர்களுக்கான செயலிதான், பையனுடையதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் வேலையாள் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருந்தால் வாயால் கணக்குச் சொல்லும், அந்த யோசனை பையனுக்கு வரவில்லை. பேசும்போது தாள்கள் கைநழுவி விழுந்தன, குனிந்து பொறுக்கிக்கொண்டே பேசினாள். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, சம்பளம் லேட்டானா ஆளுங்க வந்து என்னைத்தான் திட்டுறாங்க, அதான் என்றாள், சபையே சிரித்தது, அவளும் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம்போல் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கும் ஒரு கதை சொல்லிக்கொடுத்திருக்கலாமே, ஏன் தோன்றவில்லை... அவள் கேட்கவில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே உட்காரவில்லை, அவ்வளவுதானா? இன்று ஏதோ கையெழுத்துக்காக வந்திருக்கிறாள், அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடியில் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, செருப்புக் கால் இரண்டையும் சேர்த்துவைத்து.

பையன் இன்று பன்னிரண்டு மணிக்கு வந்தான். அந்த முதலீட்டு அம்மாள் அவனுடைய தாயாரைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். சுற்றி வளைத்தான், நாற்காலியின் உறையைக் கிள்ளினான், கடைசியில், "ஒரு மணி நேரம்தான்க்கா. உங்க அம்மா வந்து சும்மா உக்காந்திருந்தா போதும். பேசக்கூட வேணாம். நானே வண்டி அனுப்பறேன்" என்றான். அம்மாவை வாடகைக்குக் கேட்கிறாயா என்றாள் அவள், குரல் தானாக உயர்ந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், திமிர் இல்லை அவனிடம், திமிராவது இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், "நீங்கதானேக்கா குடுத்தீங்க. வேணாம்னு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்றான், சொல்லியிருக்கலாம்தான், வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம், கைதட்டாமலாவது இருந்திருக்கலாம்... ஆனால் இவன் செயலி நன்றாக ஓடினால் எத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நிற்காமல் வீட்டுக்குப் போவார்கள், அதற்கு ஒரு கதை விலையா, அம்மாவுக்கே தெரிந்தால், போனால் போகட்டும் விடு என்றுதான் சொல்லுவாள், சொல்லுவாளா?

இரண்டு நாற்பதுக்கு அம்மாவுக்குப் போன் செய்தாள். கேட்கத்தான் கூப்பிட்டாள், வண்டி வந்தால் ஏறுவாயா என்று, ஆனால் வாயில் வந்தது வேறு. அந்த மணிக்கு அம்மா கால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள், தொலைக்காட்சி அலறும், இன்றும் அலறியது, அதைக் குறைக்கச் சொல்லி, காய்ச்சலோடு என்னைத் தூக்கிக்கொண்டு கூலி வரிசையில் நின்றாயே, நினைவிருக்கிறதா என்றாள். எந்தக் காய்ச்சல் என்றாள் அம்மா. நெத்தியில ஈரத்துணி போட்டியேம்மா. அந்தப் பக்கம் சிரிப்பு, இருமலோடு கலந்த சிரிப்பு.

"அட, அது காய்ச்சலே இல்லடி. அதுக்கு முந்தின வாரம் ஒருத்தி நெசமாவே காய்ச்சக் குழந்தையோட வந்தா, பாவம்னு முன்னாடி விட்டாங்க. அதைப் பாத்து வெச்சுக்கிட்டுத்தான் துணியை நனைச்சு உனக்குப் போட்டேன். கண்ணைத் தொறக்காதேன்னேன், நீயும் கள்ளி, நல்லாத்தான் நடிச்சே."

அவள் விடாமல் கேட்டாள். பிறகு அந்த ஜன்னல், தகரக் கதவு, படாரென்று மூடினார்களே... மூடினார்கள்தான் என்றாள் அம்மா, நாம் வாங்கிக்கொண்டு வந்த பிறகு, பின்னால் நின்றவர்கள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னாள், மழை பெய்தது, குடை இருந்தது என்பதுபோல. பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப எதுக்கு அதைக் கேக்கறே? யாராவது கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்றாள்.

இல்லம்மா என்று வைத்துவிட்டாள். வண்டி விஷயம் கேட்கவே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்த வேலைக்கு வந்தபோது, உங்களுக்கு ஏன் இதில் ஆர்வம் என்று மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டார்கள், அன்றைக்குத்தான் முதல் முதலாக அந்தக் கதையைச் சொன்னாள், ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார், வேலை கிடைத்தது. ஜன்னல் நமக்கு முன்னால் மூடியது என்று அவளுக்கு யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை. சத்தம்தான் நினைவிருக்கிறது, இருட்டு, சத்தம், பிறகு நெற்றியில் அந்தச் சில்லிப்பு... சில்லிப்பு! காய்ச்சல் என்று இத்தனை பேரிடம் சொன்னாளே, உடம்பு கொதித்ததாக ஒரு தடவையாவது நினைவு வந்திருக்கிறதா, வந்ததெல்லாம் குளிர்தான், துணியிலிருந்து காதுக்குள் வழிந்த சிமென்ட் வாடைத் தண்ணீர்தான். அப்படியானால் பையன் எடுத்தது யாருடையதை, அம்மா எடுத்தது யாருடையதை, முந்தின வாரம் நிஜமாகவே கொதிக்கிற பிள்ளையோடு வந்தாளே ஒருத்தி, அந்தப் பிள்ளை பிழைத்ததா? நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், அம்மா சொன்னாள், மூடிக்கொண்டது, குற்றம் அம்மாவுடையதா என்றால் அதுவும் இல்லை, முட்டி வலிக்க நாலு மாடி ஏறினவள், சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்தாள், அதில் என்ன...

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. மூன்று ஆக இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது, அந்த அம்மாள் முன்கூட்டியே அழைக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் கணக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள், யாராவது உள்ளே கூப்பிடுகிறார்களோ என்பதுபோல், பிறகு தனக்கில்லை என்று தெரிந்து கோப்பின் நாடாவைச் சரிசெய்தாள். அவள் பச்சைப் பொத்தானைத் தள்ளிக் காதில் வைத்தாள். சொல்லுங்க மேடம். எதிர்பார்த்த அதே கேள்வி, எதிர்பார்த்ததைவிட மென்மையான குரலில், "அந்தத் தம்பியோட அம்மாவை நீங்க பாத்திருக்கீங்கதானேம்மா?" வாய் திறந்தது, ஒரு சொல் நாக்கு நுனியில் இருந்தது, எந்தச் சொல் என்று அவளுக்கே தெரியவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட வராதது... தெருமுனைக்கு வருவதற்குள் அந்த ஈரத்துணி நழுவிக் கீழே விழுந்துவிட்டது, அம்மா குனிந்து எடுத்தாள், முகத்தில் வெளிச்சம் பட்டது, பின்னால் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், இனி நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் இடுப்பில் இருந்த அவள் கண்ணைத் திறக்கவில்லை, இன்னும் இறுக்கித்தான் மூடிக்கொண்டாள்.