கத்தால்டோவின் நிலம்

பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்துக்காரன் தொனாத்தாவிடம் இரண்டாம் முறை கேட்டான். ஊர்ச் சுவரில் ஒட்டப்போகும், அவள் அப்பா கத்தால்டோவின் மரண அறிவிப்பில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. விவசாயி என்று போடட்டுமா, பத்து வருஷமாகக் கஞ்சாதானே பயிர் வைத்தார் என்று அவன் சிரிக்காமல்தான் கேட்டான். அவள் ஆட்டுக்காரர் என்று போடச் சொன்னாள்.

அப்பாவிடம் ஆடு இல்லாமல் போய்ப் பதினான்கு வருஷம். பக்கத்து இரும்பு உருக்காலைப் புகையின் விஷம் புல்லில் படிந்து, புல்லிலிருந்து பாலுக்கு வந்துவிட்டது என்று சொல்லி, அரசாங்கத்தார் மந்தை முழுவதையும் லாரிகளில் ஏற்றிப் போய்க் கொன்றார்கள். சினையாடுகளையும் விடவில்லை. அன்று முதல் அந்த நிலத்தில் எந்தப் பிராணியும் மேயக் கூடாது, அங்கே முளைப்பதை யாரும் தின்னக் கூடாது. கத்தால்டோ நான்கு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். மனிதர் அப்போதே பாதி செத்துவிட்டார் என்பாள் அம்மா.

பிறகுதான் கஞ்சா வந்தது. போதை இல்லாத, நாருக்காகவே வளர்க்கிற வகை. அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணிலிருக்கும் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் என்று பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மருந்து அடிக்க வேண்டாம், அதிகம் தண்ணீர் கேட்காது, நான்கே மாதத்தில் இரண்டாள் உயரம் நிற்கும். நார் மோட்டார் காரின் கதவுக்குள் வைக்கிற பலகைக்குப் போயிற்று. தண்டின் சக்கையைச் சுண்ணாம்பில் குழைத்து, வெயில் சூட்டை உள்ளே விடாத வீட்டுச் சுவர் எழுப்பினார்கள். பாதிரியார்கூட, பூசைக்கு ஒரு கட்டு அனுப்பு, சாம்பிராணி தீர்ந்துவிட்டது என்று கிண்டல் செய்வார். இதைப் புகைத்தால் தலைவலிதான் வரும் சாமி என்பார் அப்பா. நாரைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அவர் ஓயாமல் பேசினாலும், அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மண் தெளிய வேண்டும், ஆடுகள் திரும்பி வர வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை மண்ணைப் பையில் கட்டிப் பாரி நகரத்துக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். இந்த வருஷத்து அறிக்கை வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். நுரையீரலில் பரவிவிட்டது, இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொனாத்தா சமையலறையில் நின்று கடிதத்தைப் படித்தாள். விஷம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்படியும் அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது. பத்து வருஷத்தில் இவ்வளவு இறங்கியதே பெரிது என்று அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண் ஓரத்தில் கையால் எழுதியிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா.

"சுத்தமாயிடுச்சுப்பா."

அவர் அழுதார். ஆடு போன அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கட்டிலின் காலடியில் நின்ற அம்மா ரொசாரியாவும் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொனாத்தா ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை. அப்பா அடுத்த இரண்டு நாளும் போனை விடவே இல்லை. பழகியவர்களிடம் விடைபெறுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது நடுப்பகல். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள். நீள மேசையில் விரிப்பு விரித்து ரொட்டியும் ஒயினும் வைத்தாயிற்று. பக்கத்துப் பண்ணை நுன்சியா பெரிய பானையோடு வந்தாள். பின்னாலேயே அவள் மருமகள் மரீக்கா, ஏழு மாத வயிற்றோடு. மசித்த மொச்சைப்பருப்பும் எண்ணெயில் வதக்கிய காட்டுக்கீரையும். நுன்சியா முதல் தட்டை அம்மாவுக்கு வைத்தாள், இரண்டாவதை மரீக்காவுக்கு.

"காலையில நானே போய்ப் பறிச்சேன்," என்றாள் நுன்சியா. "கஞ்சா அறுத்த தாளுக்கு நடுவுல மழைக்கு என்னமா முளைச்சிருக்கு தெரியுமா. கத்தால்டோ அண்ணன் போன்ல சொன்னாரு, நிலம் சுத்தமாயிடுச்சு நுன்சியா, நான் போனதும் என் வீட்டுக்கு நீ கொண்டுவர்ற முதல் சோறு என் மண்ணுல முளைச்சதா இருக்கணும்னு."

மேசையைச் சுற்றி யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மரீக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

தொனாத்தா மரீக்காவின் தட்டைப் பார்த்தாள். கை தவறிவிட்டதுபோல் அதைக் கவிழ்த்துவிடலாம், கீரை கசக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பானை முழுக்க இன்னும் கீரை இருந்தது. நாளைக்கு மற்றவர்களும் கூடை எடுத்துக்கொண்டு அந்த நிலத்துக்குப் போவார்கள். அப்பாவே போன் போட்டுச் சொன்னதாயிற்றே.

"மரீக்கா, சாப்பிடாதே," என்றாள். "யாரும் சாப்பிடாதீங்க. நான் அப்பாகிட்ட பொய் சொன்னேன். மண்ணு இன்னும் சுத்தமாகலை."

மரீக்கா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்தாள். ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்தினார்கள். நுன்சியா பானையை மூடினாள். யாரும் தொனாத்தாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அம்மா மட்டும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. தொனாத்தா எழுந்து போய்த் தட்டைப் பிடித்தாள். அம்மா மறுபுறம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். எழுபத்தொன்பது வயதுக் கைக்கு அத்தனை பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அம்மா, வேண்டாம்மா. குடும்மா."

அம்மா ஒரு வாய் மென்று விழுங்கினாள். மகளைப் பார்க்காமல், மேசையின் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி நுன்சியா," என்றாள்.

நுன்சியா உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். பிறகு குனிந்து, அவசரமில்லாமல், ரொட்டியைப் பிட்டுத் தட்டை ஓரம்வரை வழித்துச் சாப்பிட்டாள்.